காந்தக் கோர்ட்டில் குடும்ப வழக்கு

கல்லூரி மாணவி, திருச்சி: ‘காந்த மறு இணைப்பு’ என்றால் என்ன?

இரண்டு தம்பதிகள் டைவர்ஸ் வாங்கி, அதே நால்வரும் ஜோடி மாற்றிக் கல்யாணம் செய்துகொள்வது! மின்னூட்டம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவில் எதிரெதிர்த் திசைக் காந்தக் கோடுகள் நெருங்கி, அறுந்து, குறுக்காக ஒட்டிக்கொள்கின்றன. ஜீவனாம்சம் பிளாஸ்மாவுக்கு: வெப்பமாகவும் வேகமாகவும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கரூர்: காந்தக் கோடே நாம் வரைவதுதானே? வரைந்த கோடு எப்படி ஐயா அறும்?

வாத்தியார் வாத்தியார்தான். கோடு கற்பனை, புலம் நிஜம்; புலத்தின் இணைப்பு மாறுவதைத்தான் ‘அறுவது’ என்கிறோம். பிளாஸ்மாவும் காந்தப்புலமும் சேர்ந்து உறைந்தாற்போல் நகரும் என்றவர் ஸ்வீடனின் ஹான்ஸ் அல்ஃப்வேன். 1970-ல் நோபல் வாங்கிய கையோடு, அந்தச் சித்திரம் பல இடங்களில் ஏமாற்றும் என்று அவரே எச்சரித்தார். மறு இணைப்பையோ கடைசிவரை ஏற்கவில்லை. மாமனார் முறைப்பு!

பொறியாளர், ஓசூர்: சூரியச் சுவாலை வெடிப்பது இதனால்தானா?

ஆமாம். ஆனால் 1950-களில் இயற்பியலாளர்கள் ஸ்வீட், பார்க்கர் இருவரும் மறு இணைப்புக்குப் போட்ட கணக்கில், ஒரு சுவாலை முடிய மாதக்கணக்காகும். சூரியன் சில நிமிடங்களில் காரியத்தை முடித்துவிடுகிறது. 1964-ல் பெட்ஷெக் ஒரு குறுக்குவழி காட்டினார், அதிலும் ஓட்டை. எதிரெதிர்க் கோடுகளுக்கு நடுவே உருவாகும் மின்னோட்டத் தாள் மெலிந்து நீண்டால், தானே துண்டுதுண்டாகி வேகம் பிடிக்கும் என்பது இன்றைய விடைகளில் ஒன்று. சூரியன் அந்தப் பழைய கட்டுரைகளைப் படிக்கவில்லை போலும்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: இதைக் கண்ணால் கண்ட சாட்சி உண்டா?

நான்கு உண்டு. 2015 மார்ச்சில் நாசா அனுப்பிய எம்.எம்.எஸ். விண்கலங்கள். எலெக்ட்ரான்களை வினாடிக்கு முப்பது முறைக்கு மேல் அளப்பவை. அதே ஆண்டு அக்டோபர் 16-ல், பூமியின் காந்த மண்டல எல்லையில், இணைப்பு நடக்கும் மையத்துக்குள்ளேயே புகுந்து வந்தன. பின்னாளில் ஒன்றுக்கொன்று 7 கி.மீ. நெருக்கத்தில்கூடப் பறந்தன. எதற்கு நாலு? ஒன்றே போனால், புலம் இடத்துக்கு இடம் மாறுகிறதா, நேரத்துக்கு நேரம் மாறுகிறதா என்று சொல்லத் தெரியாது. ஒற்றைச் சாட்சி குறுக்கு விசாரணையில் உளறும்.

வாசகர், சேலம்: ஆய்வகத்தில் நடத்திப் பார்க்க முடியாதா?

பிரின்ஸ்டனில் எம்.ஆர்.எக்ஸ். என்ற கருவியில் 1995 முதல் நடத்துகிறார்கள். அணு இணைவுக்கான டோகமாக் கருவியில் அழைக்காமலே நடக்கும்! நடுப்பகுதி வெப்பநிலை மெல்ல ஏறி, சட்டென்று விழும், மறுபடி ஏறும். வரைபடம் பார்த்தால் ரம்பப் பல்.

அதே வாசகர்: அணு இணைவு மின்சாரம் வாய்தா வாங்கிக்கொண்டே போவது இதனாலா?

இது ஒரு குற்றவாளி. குற்றப்பத்திரிகை நீளம்.

மனைத் தரகர், மதுரை: பூமிக்குச் சூரியப் புயல் எப்போது ஆபத்து?

சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கினால், பூமியின் புலத்துக்கு எதிர்த்திசையாகி, மறு இணைப்பில் பூமியின் வாசல் நன்றாகத் திறக்கும். 1961-ல் இயற்பியலாளர் டங்கி சொன்னது. வாஸ்துக்காரர் காதில் போட்டுவிடாதீர்!

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: துருவ ஒளியை எங்கள் ஊரில் பார்க்கலாமா?

2024 மே சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. உம்மூரோ பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம்; துருவ ஒளி எட்டாது. தவிர, இருட்டுக்கடைக்குப் பேர்போன ஊரில் ஒளி எதற்கு?