முகம் தெரியும்படி தூக்கிப் பிடிக்கவும்

அனுப்புநர்: ஐந்தருவி சாலையில் நேந்திரங்காய் சிப்ஸும் அல்வாவும் போடும் ஒருவன்.

பெறுநர்: உரிமத்தை நிதானமாகவும் அபராதத்தை உடனுக்குடனும் வழங்கும் மாண்புமிகு அலுவலகம்.

ஐயா,

போன சனிக்கிழமை மத்தியானம், லேசாகச் சாரல் அடிக்க, கடை முன்னால் ஜனம் ஈரத் துண்டோடு நெருக்கியடித்து நின்ற பொன்னான வேளை பார்த்து ஜீப்பில் எழுந்தருளினீர்கள். கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு கட்டு கேரி பேக்கைக் கண்டெடுத்தீர்கள். கால் கிலோ இருக்கும். என்னை அடுப்படியிலிருந்து வெளியே கூப்பிட்டு, கட்டைக் கையில் கொடுத்து, "நல்லாத் தூக்கிப் பிடிப்பா, முகம் தெரியணும்" என்றீர்கள்.

பேரன் எடுத்தவன் நான். என் கல்யாண போட்டோவில்கூட முகம் இத்தனை தெளிவாக விழுந்ததில்லை. வரிசையில் நின்ற மலையாளக் குடும்பம் ஒன்று, யாரோ பிரபலம் என்று நினைத்து, என்னோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டது. ராத்திரிக்குள் "குற்றாலத்தில் அதிரடி ஆய்வு" என்ற தலைப்போடு தாங்கள் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, காலையில் பேப்பரிலும் வந்து, கடையநல்லூர் சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது. "மாமா, பேப்பர்ல வந்துட்டீங்களே" என்று மருமகன் போன் பண்ணினார். பெண் கொடுத்த வீட்டில் இப்படி ஒரு மரியாதை கிடைக்கத் தாங்கள்தான் காரணம்.

இரண்டாவது படத்தையும் மறக்க முடியாது. குற்றவாளியாக எடுத்த கையோடு, திருந்தியவனாகவும் எடுத்தீர்கள். தங்கள் உதவியாளர் ஒரு புத்தம் புது மஞ்சப்பையை என் கையில் திணித்தார். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். படம் எடுத்ததும் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த கடையிலும் ஒருவர் திருந்த வேண்டியிருந்தது.

எதில் கட்டிக் கொடுப்பது என்பதையும் ஒரு போட்டோவில் காட்டியிருந்தால் நன்றியோடு சட்டம் போட்டு மாட்டியிருப்பேன். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை கூடாது. எத்தனை மைக்ரான் தடிமன் என்றாலும் கூடாது. மொத்தக் கடையிலோ "120 மைக்ரான் அண்ணாச்சி, டெல்லி சட்டப்படி கரெக்ட்" என்று சொல்லித்தான் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். தாங்கள் இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தே தீர்ப்புச் சொன்னீர்கள். சரி, செய்தித்தாளில் மடிக்கலாமென்றால் உணவுப் பாதுகாப்பு விதி விடாது. அச்சு மை வயிற்றுக்குள் போகும். நியாயம்தான். ஆக, என் முகம் வந்த பேப்பரில்கூட நான் ஒரு பொட்டலம் மடிக்க முடியாது.

மிச்சம் இருப்பது பேப்பர் கவர். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் பேப்பர் கவர் படும் பாட்டைத் தாங்கள் ஜீப்பை விட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். சூட்டோடு அள்ளிப் போட்டதுமே தேங்காய் எண்ணெய் அடிப்பக்கம் வட்டமாக ஊறும். வாங்குகிறவர் அருவியிலிருந்து நேரே வந்தவர்; தலை சொட்டும், கை சொட்டும். மேலே சாரல். வேன் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கவர் அடியோடு பிளந்து, சிப்ஸ் ரோட்டில் கிடக்கும். மனுஷன் திரும்பி வந்து சண்டை போடுவது என்னிடம். அல்வாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தாங்கள் உள்ளே வரும்போது வாசலில் சரம்சரமாகத் தொங்கிய பெரிய கம்பெனி சிப்ஸ் பாக்கெட்டுகள் தங்கள் தலையில் இடித்தன. ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத்தான் வந்தீர்கள். பளபளவென்று மின்னுகிற அந்தப் பாக்கெட் மக்கி மண்ணாகுமா? அந்தக் கம்பெனி முதலாளியை என்றைக்காவது நடுரோட்டில் நிறுத்தித் தூக்கிப் பிடிக்கச் சொன்னதுண்டா? எவனைக் கூப்பிட்டால் கைகட்டி வருவானோ அவனைத்தான் கூப்பிடுகிறீர்கள்.

மன்னிக்கவும். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், சூடு ஏறிவிடுகிறது. தங்கள் கலைத்திறமை இருக்கட்டும், என் உரிமத்துக்கு வருகிறேன்.

உரிமம் புதுப்பிக்கச் சித்திரையில் மனு கொடுத்தேன். பேரருவித் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடலில் விழுந்து, அது நிரம்பிப் பொங்கிய பிறகுதான் கீழே வரும். மனுவும் அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அங்கே தண்ணீராவது பொங்குகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதில் ஒரு சௌகரியம்: முன்பெல்லாம் "நாளைக்கு வாங்க" என்ற சொல்லைக் கேட்கத் திருநெல்வேலி வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். இப்போது ஐந்து கிலோமீட்டரிலேயே கிடைத்துவிடுகிறது. கட்டட உரிமையாளரின் வரி ரசீது கேட்டார்கள், கொடுத்தேன். போன வருஷ ரசீது கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். பிறகு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டார்கள். என் போட்டோவை என்னிடமே கேட்கிறது தங்கள் அலுவலகம்!

ஒரு சின்ன யோசனை. அந்த மனு தங்கள் மேஜையில் எந்தக் கட்டுக்கு அடியில் இருக்கிறதோ, அதை எடுத்து, சம்பந்தப்பட்டவர் முகம் தெரியத் தூக்கிப் பிடிக்க, நான் வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா? தலைப்பை நானே எழுதித் தருகிறேன்.

எங்களுக்கு வருஷம் என்பது மூன்று மாதம். தண்ணீர் இல்லையென்றால் கூட்டம் இல்லை. தண்ணீர் அதிகமானால் குளிக்கத் தடை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் காட்டாற்று வெள்ளம் ஒரு பள்ளிப் பையனைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு அருவியை மூடினால் எவன் குறை சொல்வான்? மூடுங்கள். உயிர் பெரிது. ஆனால் அருவியை மூடிய நாளுக்கும் வாடகை ஓடுகிறது, கரண்ட் பில்லில் நிலைக் கட்டணம் ஓடுகிறது, மாஸ்டருக்குச் சம்பளம் ஓடுகிறது. ஒரு வாரத் தடையில் நாங்கள் இழப்பதைக் கேட்க ஒரு ஜீப்பும் வந்ததில்லை.

பேசினால் மட்டும் என்ன கிடைத்துவிடும்? 2024 செப்டம்பரில் கோவையில் அன்னபூர்ணா ஓட்டல் சீனிவாசன் மத்திய நிதியமைச்சர் முன்னால் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே க்ரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னார். கொஞ்ச நாளில் அவர் மன்னிப்புக் கேட்கும் வீடியோ ஊரைச் சுற்றியது. அத்தனை பெரிய முதலாளிக்கு வீடியோ என்றால் எனக்குப் போட்டோ, அளவறிந்துதான் கொடுத்திருக்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. ரசீது கிழித்து முடிந்ததும் தங்கள் டிரைவர் அரைக் கிலோ சிப்ஸ் கேட்டார். விதிப்படி பேப்பர் கவரில் போட்டு நீட்டினேன். "எண்ணெய் சீட்டுல படும்யா" என்றார். பறிமுதல் செய்த கட்டிலிருந்தே ஒரு கேரி பேக்கை உருவி, அதற்குள் வைத்து வாங்கிக்கொண்டார். சாட்சிப் பொருளில் ஒன்று குறைகிறதே என்று எனக்குத்தான் பதறியது. அந்தக் காட்சியை எடுக்க யாரிடமும் கேமரா இல்லை.

வரும் திங்கட்கிழமை மனு நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ் போகிறேன். அன்றைக்குத்தான் நேந்திரங்காய் லோடு இறங்கும். கடையில் சின்னவன் இருப்பான். தாங்கள் வந்தால் நல்லபடியாகக் கவனிக்கச் சொல்லியிருக்கிறேன். பையனுக்கு இன்னும் விவரம் போதாது. எடை போட்டதும் யாராக இருந்தாலும் காசு கேட்டுவிடுவான். பொறுத்தருள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் படத்தில் இடமிருந்து முதலாவதாக நிற்பவன்