நாளைப்பின்னே விற்பதென்றால்: சேலம் – நாமக்கல் சமவெளியின் வீட்டு மராமத்து குறித்து ஓர் ஆய்வு

சேர்வராயன் அடிவாரம் முதல் மோகனூர்க் காவிரிக்கரை வரை சொந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கு அடங்கியே வாழ்கிறார்கள். அவர் இதுவரை வீட்டைப் பார்க்க வந்ததில்லை, அட்வான்ஸும் தந்ததில்லை. ஆனாலும் நிலைக்கதவின் மரம் முதல் கழிப்பறையின் திசை வரை அவர் சொல்தான் செல்லும். இக்கட்டுரை அவரை ‘வருங்கால வாங்குநர்’, சுருக்கமாக வ.வா., என்று குறிக்கும்.

அவர் இருப்பதற்குச் சான்று வேண்டுமென்றால், மராமத்து நடக்கும் எந்த வீட்டிலும் அரை மணி நேரம் நிற்கலாம். சமையலறையில் மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும் என்று வீட்டம்மா கேட்பார். “அங்க செல்ஃபு வரட்டுங்க்கா. நாளப்பின்ன விக்கிறதுன்னா பாக்கறவங்க அதத்தான் கேப்பாங்க” என்பார் மேஸ்திரி. அத்தோடு ஜன்னல் முடிந்தது. அடுப்புப் புகையில் நிற்கப்போவது வீட்டம்மாதான் என்றாலும், கலந்தாலோசனையில் அவருக்கு ஓட்டில்லை.

இந்த மனநிலை நாமக்கல்லில் பிறந்தது என்பது என் கருதுகோள். லாரி பாடி கட்டும் பட்டறைகளும் கேஸ் டேங்கர்களும் நிறைந்த ஊர் அது. அங்கே லாரி வாங்குகிறவர் வாங்கும் அன்றே விற்கும் விலையையும் மனசுக்குள் போட்டு வைப்பார். டயருக்கு ஒரு விலை, எஃப்.சி.க்கு ஒரு விலை, பாடிக்கு ஒரு விலை. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது எல்லை பிரிந்தது, இந்தக் கணக்கு பிரியவில்லை. லாரி ஓடும், வீடு ஓடாது என்ற சிறு வேறுபாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மராமத்துகளில் தலையாயது போர். பாறை நிலம், போதாததற்கு வெளி மாநிலங்களுக்கெல்லாம் ரிக் வண்டி அனுப்பும் திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் ஆயிரம் அடி என்பது இங்கே டீக்கடையில் சாதாரணமாகப் பேசும் ஆழம். குழாயில் மேட்டூர்த் தண்ணீர் வந்தாலும் போர் வேண்டும். வீடு பார்க்க வருகிறவரைக் கவனித்தால் காரணம் புரியும். முதலில் மோட்டாரைப் போடச் சொல்வார். உள்ளங்கையில் ஏந்தி, கொப்பளித்து, உப்பா சப்பையா என்று பார்ப்பார். பிறகு குனிந்து விரல் முட்டியால் டைல்ஸைத் தட்டி, பொக்குச் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பார். கடைசியில் அண்ணாந்து ஓதம் தேடுவார். அவருக்காகவே கடன் வாங்கிப் போட்ட ஃபால்ஸ் சீலிங் அப்போது எதிர்ச்சாட்சி ஆகிவிடும். “உள்ள ஒழுகுதுங்களா?” என்று கேட்பார்.

அடுத்தது வாஸ்து. ஈசானியத்தில் சம்ப், அக்னி மூலையில் அடுப்பு, கன்னி மூலையில் பெரிய படுக்கையறை. இதில் வீட்டுக்காரருக்கே நம்பிக்கை இருக்க வேண்டும் என்பதில்லை. கறுப்புச் சட்டைக்காரர் வீட்டிலும் அடுப்பு தென்கிழக்கில்தான்; வ.வா. ஆத்திகராக இருந்துவிட்டால் என்ன செய்வது? பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936-இல் பங்குச்சந்தையைப் பத்திரிகை அழகிப் போட்டிக்கு ஒப்பிட்டார். அங்கே நமக்குப் பிடித்த முகத்தைத் தேர்ந்தெடுத்தால் பரிசு கிடைக்காது. ஊராருக்கு எது பிடிக்கும் என்று ஊரார் நினைக்கிறார்களோ அதைப் பிடிக்க வேண்டும். ராசிபுரத்தில் ஒரு வீடு கட்டியிருந்தால் அவர் பங்குச்சந்தை வரை போயிருக்க வேண்டியதில்லை.

மாடிப்படிகளில் எவர்சில்வர் கைப்பிடி பெருகியதற்கும், 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலைக்கும் தொடர்பு உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. அதை இளைய ஆய்வாளர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

இனி முடிவு. இவ்வளவு பாடுபட்டுத் தயாரான வீடுகளில் பல விற்பனைக்கே வருவதில்லை. மகன்கள் இருவர் என்றால் கூடத்தின் நடுவே சுவர் எழும்புகிறது. அந்தச் சுவரை எந்த வ.வா.வும் விரும்பமாட்டார். தப்பித்தவறி விலைக்கு வந்தால், தரகர் வாசலில் நின்றபடியே தீர்ப்பு சொல்லிவிடுவார்: “பில்டிங் பழசுங்க, மனை ரேட்டுதான்.” பத்திரப்பதிவிலும் கட்டடத்துக்கு வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிக்கிறார்கள், மண்ணுக்குக் கழிப்பதில்லை. வாங்குகிறவர் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டிவிட்டு, அடுத்த முகூர்த்தத்தில் ஜேசிபியோடு வருகிறார்.

ஆகவே வீட்டம்மா கேட்கும் இடத்தில் ஜன்னலை வைத்துவிடுங்கள். வ.வா. எப்படியும் இடிக்கத்தான் போகிறார்.