கொழுப்பைக் கண்டுகொள்ளாத கனவான்கள்

காசநோய்க் கிருமிக்குப் பிறவியிலேயே கொழுப்பு அதிகம். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் அதைச் சபையில் அறிமுகம் செய்த காலத்திலேயே இது அம்பலமாகிவிட்டது. மற்ற கிருமிகள் சாயத்தில் முக்கினால் மரியாதையாக நிறம் ஏற்றுக்கொள்ளும். இது மெழுகைப் போர்த்திக்கொண்டு ‘முடியாது’ என்றது. கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிய பிறகு அமிலத்தை ஊற்றினால், ‘இப்போது விடமாட்டேன்’ என்றது.

1938இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்சனின் குழு அந்த மெழுகைப் பிரித்து மேய்ந்து, மைக்காலிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தைத் தனியே எடுத்தது. நம் சமையலறைக் கொழுப்பமிலங்களில் பெரும்பாலும் 16, 18 கார்பன் அணுக்கள்தான். இதில் 60 முதல் 90 வரை. கிருமியின் மேல் கைவைத்தாலே முதலில் தட்டுப்படுவது இந்தக் கொழுப்புதான். அப்படியானால் நம் நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் அதைக் கவனிக்குமா, கவனிக்காதா?

இந்தக் கேள்வியை நோய் எதிர்ப்பியல் கனவான்கள் வெகுகாலம் கேட்கவில்லை. அவர்களுக்குப் புரதத்தின் மேல் தீராக் காதல்.

காதலுக்குக் காரணமும் இருந்தது. 1974இல் கான்பெராவில் ஜிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் ஒரு விஷயத்தைக் கண்டார்கள்: டி செல் வைரஸை நேரே பார்ப்பதில்லை, நம் செல்லின் எம்எச்சி மூலக்கூறு அதை ஏந்திக் காட்டினால்தான் பார்க்கும். 1987இல் ஹார்வர்டில் அந்த மூலக்கூறின் படம் கிடைத்தது. மேலே ஒரு பள்ளம். புரதத் துணுக்கான பெப்டைடு படுத்துக்கொள்ள அளவெடுத்துச் செய்த மாதிரி. அவ்வளவுதான், சட்டம் இயற்றப்பட்டது: டி செல்லுக்குப் பெப்டைடு மட்டுமே தரிசனம் தரலாம். சர்க்கரையும் கொழுப்பும் வேண்டுமானால் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல் வாசலில் போய் நிற்கட்டும். 1996இல் கான்பெராக்காரர்கள் இருவருக்கும் நோபல் பரிசும் வந்து சேர்ந்தது. பரிசு நியாயமானதுதான். சட்டத்தில்தான் ஓட்டை.

ஓட்டையின் பெயர் சிடி1. 1979இல் மில்ஸ்டைனும் கூட்டாளிகளும் தைமஸ் செல்களுக்கு எதிராக ஓர் ஆன்டிபாடி தயாரித்தபோது சிக்கிய மூலக்கூறு இது. 1982இல் பாரிஸில் கூடிய நிபுணர்கள், வெள்ளணுக்களின் மேலுள்ள மூலக்கூறுகளுக்கு எண் கொடுக்க உட்கார்ந்தார்கள். முதல் எண் இதற்கு. எண் ஒன்று, உத்தியோகம் பூஜ்யம். என்ன செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தோலில் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்லை அடையாளம் காட்டும் முத்திரையாக மட்டும் நோயியல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

1986இல் கலாபியும் மில்ஸ்டைனும் இதன் மரபணுவைத் துழாவியபோது குடும்ப ரகசியம் வெளிவந்தது. ஆள் எம்எச்சியின் சொந்தக்காரன்! ஆனால் எம்எச்சி வம்சம் குடியிருப்பது 6ஆம் குரோமோசோமில். இவன் தனியாகப் போய் 1ஆம் குரோமோசோமில். எம்எச்சி ஆளுக்கு ஆள் முகம் மாற்றும். சிடி1 ஊரெங்கும் ஏறக்குறைய ஒரே முகம். மனிதரில் ஏ முதல் இ வரை ஐந்து உடன்பிறப்புகள். ஐந்து பேர் சும்மாவா இருப்பார்கள்?

எலியைக் கேட்கலாம் என்றால் அதிலும் வில்லங்கம். கோக் காலத்தில் காசநோய் ஆய்வின் பலியாடு கினிப்பன்றி. பிறகு வந்தவர்கள், தூய வம்சமாக வளர்த்தெடுக்க வசதி என்று ஆய்வக எலிக்கு மாறிவிட்டார்கள். கினிப்பன்றியிடம் சிடி1பி, சிடி1சி இரண்டும் உண்டு. எலியோ பரிணாமப் பாதையில் ஏ, பி, சி மூன்றையும் தொலைத்துவிட்டு, டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் பிராணி. தொலைத்தவனிடமே போய்ப் பொருளைத் தேடினார்கள்.

பாஸ்டனில் பிரென்னரும் போர்செல்லியும் மனித ரத்தத்தோடு மல்லுக்கட்டியதால் கதை நகர்ந்தது. 1989இல் சிடி1ஐ அடையாளம் காணும் டி செல்களைப் பிடித்தார்கள். 1992இல், சிடி1பி காசநோய்க் கிருமியிலிருந்து எதையோ எடுத்துக் காட்டுகிறது என்றார்கள். எதையோ என்றால்? புரதத்தைத்தான், வேறென்ன! சரி, புரதத்தை அரைத்துத் தள்ளும் நொதியைப் போட்டுப் பார்ப்போம். போட்டார்கள். டி செல்லின் ஆவேசம் துளியும் குறையவில்லை. குளோரோஃபார்மில் கரைத்தார்கள், வீரியம் கொழுப்போடு போய்ச் சேர்ந்தது. 1994இல் ‘நேச்சர்’ இதழில் குற்றவாளியின் பெயர் வந்தது: மைக்காலிக் அமிலம். 1938இல் யேலில் புட்டியில் அடைத்த அதே ஆசாமி. டி செல் கண்ணில் அதுவும் படும் என்று ஒப்புக்கொள்ள 56 வருஷம்.

அப்போதும் புரதப் பாசம் விட்டபாடில்லை. மறு வருஷமே எலியின் சிடி1 பெப்டைடுகளையும் பிடிக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. 1997இல் அந்த எலி மூலக்கூறின் படமே வந்ததும் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. வாய் குறுகல், உள்ளே ஆழம், சுவரெல்லாம் தண்ணீரை அண்டவிடாத எண்ணெய்ப் பசை. மடக்கிய குடையைப் பையில் செருகிக் கைப்பிடியை மட்டும் வெளியே விட்ட மாதிரி, கொழுப்பின் வால்கள் உள்ளே இறங்கிவிட, சர்க்கரையோ வேறு ஏதாவதோ ஒட்டிய தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டி செல் தடவிப் பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தலையை. 2002இல் மனிதரின் சிடி1பியைப் படமெடுத்தபோது உள்ளே சுரங்கப்பாதைகளே இருந்தன. மைக்காலிக் அமிலத்தின் நீள வாலைப் பின்னே எங்கே சுருட்டி வைப்பது?

மிச்சமிருந்த மானத்தை ஒரு பீர் கம்பெனி வாங்கியது. ஜப்பானின் கிரின் நிறுவனத்து மருந்து ஆய்வாளர்கள், ஓக்கினாவா கடலில் எடுத்த ஒரு கடற்பஞ்சில் எலியின் புற்றுக்கட்டியை எதிர்க்கும் சர்க்கரைக் கொழுப்பைக் கண்டார்கள். அதைச் செப்பனிட்டுச் செயற்கையாகச் செய்த சரக்குக்குப் பெயர் கேஆர்என்7000. 1997இல் தனிகுச்சியின் குழு ரகசியத்தை உடைத்தது: எலியிடம் எஞ்சியிருந்த அந்த ஒற்றை சிடி1டிதான் அதை ஏந்திக் காட்டுகிறது, பார்த்துக் கொதித்தெழுவது என்கேடி என்ற டி செல் வகை. கடற்பஞ்சோடு நம் ரத்தத்துக்கு என்ன முன்பகை? பகை பாக்டீரியாவோடு. ஸ்ஃபிங்கோமோனாஸ் என்ற பாக்டீரியா கிட்டத்தட்ட அதே சரக்கைத் தயாரிக்கிறது என்று 2005இல் தெரிந்தது. கடற்பஞ்சில் குடியிருந்த பாக்டீரியாக்களே அசல் உற்பத்தியாளர்களாக இருக்கலாம் என்ற சந்தேகமும் வலுத்தது. மருந்தாக மனிதருக்குக் கொடுத்தபோது புற்றுநோய் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. ஆனாலும் ஆய்வகங்களில் என்கேடி செல்லை எழுப்ப இன்றும் அந்தச் சரக்குதான்.

அதே 2005இல் கோழியிடமும் விசாரித்தார்கள். கோழிக்கு இரண்டு சிடி1 மரபணுக்கள். அதுவும் எம்எச்சிக்கு அடுத்த வீட்டில். பாகப்பிரிவினை நமக்குத்தான், கோழி வீட்டில் இன்னும் கூட்டுக்குடித்தனம். பறவையின் மூதாதையும் பாலூட்டியின் மூதாதையும் பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சிடி1 அதற்கும் முந்தியது. இத்தனை காலமும் டி செல்கள் கொழுப்பைப் பார்த்து உரிய நடவடிக்கை எடுத்தே வந்திருக்கின்றன. தங்களுக்குப் பெப்டைடு மட்டுமே தெரியும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்ததை அவை படிக்கவில்லை.