கண்ணால் படிக்கிற பையனா, காதால் படிக்கிற பையனா?

கேள்வி: பையன் 'பார்த்துக் கற்கும் ரகம்' என்று ஒரு டெஸ்ட்டில் வந்திருக்கிறது. மாண்டிசோரியில் சேர்க்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: ரகம் பிரிக்க, பையன் என்ன பொன்னி அரிசியா?

2008-இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள், பிள்ளைகளை இப்படி ரகம் பிரிக்கும் கொள்கையை அலசினார்கள். ரகத்துக்கேற்பப் பாடம் நடத்தினால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். ஆளுக்கொரு விருப்பம் இருப்பது நிஜம்தான். அதற்காக இந்திய வரைபடத்தைக் காதால் கேட்டும், கல்யாணி ராகத்தைக் கண்ணால் பார்த்தும் படிக்க முடியுமா?

மாண்டிசோரி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உலகப் போரின்போது கொடைக்கானலிலும் கொஞ்ச காலம் இருந்தார். அவர் வகுப்பில் சொரசொரப்பான மணல்தாள் எழுத்தைப் பிள்ளை பார்க்கும், விரலால் தடவும், வாய்விட்டு ஒலிக்கும். மூன்றையும் செய்வது ஒரே பிள்ளை!

மாண்டிசோரியில் தாராளமாகச் சேர்க்கலாம். டெஸ்ட் சொன்னதற்காக வேண்டாம். வகுப்பில் எத்தனை பேர், டீச்சர் அடிக்கடி மாறுகிறாரா, வேனில் எவ்வளவு நேரம் என்று பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்களிடம் கேட்டால், வண்ண நோட்டீஸில் இல்லாததெல்லாம் பத்தே நிமிஷத்தில் வந்து விழும்.