வெளியே போற கட்டம்

வாய்யா பேராண்டி! பெருங்குடி ஐ.டி. கட்டடத்துக்கே செக்யூரிட்டி மேனேஜராமே! நான் நெல்லைக் காத்த மண்ணுல நீ ஏ.சி. காத்தைக் காக்குற. வளர்ச்சிதான்.

உன் கெட்டிக்காரத்தனத்தைக் கண்ணால பாத்தேன். கேழ்வரகு அடை எடுத்தாந்தா, தூக்குவாளியைத் திறந்து பாத்தாங்க, மோந்து பாத்தாங்க, என் மூஞ்சியை ஃபோட்டோ புடிச்சு கழுத்துல அட்டை மாட்டினாங்க. "மாடிப்படி எங்கப்பா?"ன்னேன். "பூட்டியிருக்கு தாத்தா, பாதுகாப்புக்கு"ன்னாங்க. அடேங்கப்பா!

கோழிக்கு நரி பயம்னு ஒருத்தன் கூடையைக் கவுத்து மேல அம்மிக்கல்லை வெச்சானாம். நரி வரல, கூரைதான் பத்திக்கிச்சு. நரியை ஜெயிச்சுட்டேன்னு இன்னும் மார் தட்டுறானாம்.

1997 ஜூன்ல டெல்லி உப்ஹார் தியேட்டர்ல 59 பேர் செத்தாங்க. கீழே டிரான்ஸ்ஃபார்மர் பத்தி, புகை மேல ஏறிச்சு. பால்கனியில வழியை மறிச்சு கூடுதல் சீட்டு போட்டு வெச்சிருந்தாங்க. டிக்கெட் இல்லாம ஒருத்தன் உள்ளே போயிருக்க மாட்டான். அந்தக் காவல் சுத்தம்.

தி.நகர் சென்னை சில்க்ஸ் 2017 மே 31 விடியக்காலையில பத்திக்கிச்சு. ஒரு நாளுக்கு மேல எரிஞ்சு, கடைசியில கட்டடத்தையே இடிச்சாங்க. கடை திறக்காத நேரமாப் போச்சு. ஆடித் தள்ளுபடி சாயங்காலமா இருந்தா? 2022 ஏப்ரல்ல நம்ம பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கா எரிஞ்சுதே, அந்தப் புகை எந்த கேட்டுல அடையாள அட்டை காட்டுச்சு?

சர்க்காரும் சும்மா இல்ல. தனியார் காவல் ஏஜென்சிக்கு 2005-ல சட்டம். புது காவலாளிக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சின்னு விதி. தீயணைப்பும் அதுல பாடம். சிவப்பு சிலிண்டர்ல எந்தப் பின்னை இழுக்கணும்னு உன் ஆளுங்களைக் கேட்டுப் பாரு. சல்யூட் ஜோரா அடிக்கிறாங்க. 160 மணி நேரமும் அதுக்கே போச்சு போல. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். பன்னெண்டு மணி நேரம் நிக்க வெக்கிறவன் நீதானே!

வெளியேறுற கதவு உள்ளேயிருந்து சாவியில்லாம திறக்கணும்னு தேசியக் கட்டட விதி சொல்லுது. உன் கதவு விரல் ரேகை கேக்குது. அலாரம் அடிச்சா தானாத் திறக்குமா? சோதிச்சியா? முழிக்காதே.

ஒண்ணு செய். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, யாருக்கும் சொல்லாம அலாரத்தை அடிச்சு விடு. உங்க பெரிய ஆபீசர் படியில இறங்குறாரா, லிஃப்ட்டுக்கு நிக்கிறாரான்னு பாரு. லிஃப்ட்டுக்கு நின்னா பக்குவமா விசிட்டர் நோட்டை நீட்டு. உள்ளே வந்த நேரத்தை எல்லாரும் எழுதியிருப்பாங்க. வெளியே போன நேரத்துக் கட்டம் பக்கம் பக்கமா காலியா கிடக்கும். "ஐயா, தீ விபத்து நடந்தா இந்தக் கட்டத்தை யார் நிரப்புறது?"ன்னு கேளு. மாடிப்படிப் பூட்டு அன்னிக்கே கழண்டுடும். உன் வேலையும் கழண்டுச்சுன்னா கவலைப்படாதே, அடை இருக்கு.