நீ எந்தத் தோப்பு?

ரமணாசிரமம் பகுதியில் குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது விட்டுவிட்டு வந்தவர்கள். ஒருவர் வேலையை விட்டிருப்பார், ஒருவர் காபியை, இன்னொருவர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களை. விடிகாலையில் செங்கம் சாலையில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் துறவிகளாக இருப்பார்கள், இல்லையென்றால் ஓய்வூதியர்களாக இருப்பார்கள். இரண்டுமாக இருப்பவர்களும் உண்டு. மாம்பழச் சாமி அந்த ரகம். சொந்தப் பெயர் எதுவானாலும் இந்தச் சாலையில் எல்லோரும் சாமிதான். பழக்காரம்மாவுக்குப் பெயர் கேட்கும் வேலை மிச்சம்.

வெங்காயம், பூண்டு, தொலைக்காட்சி விவாதம், மகனோடு சொத்துப் பேச்சு எல்லாவற்றையும் சாமி விட்டாயிற்று. சித்திரை பிறந்து, கிருஷ்ணகிரிப் பக்கத்து வண்டிகள் செங்கம் வழியாக வந்து இறங்கத் தொடங்கினால் மட்டும் வைராக்கியத்தில் ஒரு நெகிழ்வு தெரியும். “நான் யார்?” என்ற விசாரணைக்குப் பேர்போன ஊர் இது. சாமியும் விசாரணை செய்கிறவர்தான். பழத்தைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி, காம்புப் பக்கத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் கேட்பது “நீ எந்தத் தோப்பு?”

வீட்டு அம்மாள் கேலி செய்தால் சான்று தயாராக இருக்கும். “1898-ல் பகவான் ரமணரே குருமூர்த்தத்துக்குப் பக்கத்து மாந்தோப்பில்தான் இருந்தார். மலையில் மாமரத்துக் குகை என்றே ஒன்று இருக்கிறது.” அம்மாள் விடமாட்டார். “தோப்பில் இருந்தார், சரி. பழத்தை அமுக்கிப் பார்த்தார் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?”

நிறம் மாயை என்பது சாமியின் முதல் உபதேசம். வெள்ளை ஜிப்பா போட்ட வெளிநாட்டு அன்பர் மஞ்சளாகத் தகதகக்கும் பழத்தைத் தொட்டால் போதும், சாமி குறுக்கே வந்து நிற்பார். இமாம்பசந்த் பச்சைத் தோலோடுதான் பழுக்கும். மல்கோவாவும் பாதிப் பச்சையாக இருந்தபடியே உள்ளே தேனாகியிருக்கும். செந்தூரா கன்னம் சிவந்திருந்தாலும் நாக்கில் வைத்தால் புளிக்கலாம். பார்க்க வேண்டியது தோள். காம்பு குழிக்குள் இறங்கி, இரண்டு பக்கமும் தோள் எழும்பி நின்றால் மரத்திலேயே முற்றிய காய் என்று அர்த்தம். பிறகுதான் மோப்பம். வீட்டுக்குப் போனதும் வாளித் தண்ணீரில் போட வேண்டும். முற்றியது அடியில் போய் உட்காரும், பிஞ்சில் பறித்தது மிதக்கும். அன்பர் இத்தனையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பக்கத்துக் கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

‘கல்லு’ என்ற சொல் காதில் விழுந்தால் சாமிக்கு மோனம் கலையும். கார்பைடு கல் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு விடும். அது காயை மஞ்சளாக்குமே தவிர இனிப்பாக்காது, ஆர்செனிக் போன்ற நஞ்சும் அதில் ஒட்டி வரும், 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை போட்டிருக்கிறது என்றெல்லாம் நடுரோட்டில் நின்று விளக்குவார். எத்திலீன் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுவார், ஆனால் மனசில்லாமல். ஒரே சீராக மஞ்சள், மணம் இல்லை, அறுத்தால் கொட்டையைச் சுற்றி வெளிறல்: இவை கல்லுப் பழத்தின் லட்சணங்கள். இதில் அவர் சொல்வது அத்தனையும் சரி. ஆட்டோக்காரர்கள் ஒலிப்பானை அழுத்துவது கருத்து வேறுபாட்டால் அல்ல, அவர் நிற்கும் இடத்தால்.

பௌர்ணமிக்கு முந்தின நாளே பழம் வாங்கி வைத்துவிடுவார். கிரிவலக் கூட்டம் பதினான்கு கிலோமீட்டரையும் நிரப்பும் இரவில் கூறு கட்டி விற்கும் வண்டிகளைப் பார்த்தால் அவருக்கு மனசு தாங்காது. அமுக்காமல், மோக்காமல், எந்த ஊர்க் காய் என்றுகூடக் கேட்காமல், காசைக் கொடுத்துவிட்டு அந்த இடத்திலேயே கடித்துத் தின்றுகொண்டே நடக்கிறார்கள். அவர்கள் முகத்தில் தெரியும் திருப்திதான் அவரை ரொம்பவும் வருத்தும்.

பழக்காரம்மாவின் சித்தாந்தம் வேறு. “அமுக்காதீங்க சாமி. நீங்க அமுக்கிட்டுப் போன எடந்தான் சாயங்காலம் கருத்துப் போவுது” என்று நேரில் சண்டை போடுவார். சாமி தலை மறைந்ததும் எங்களிடம் ரகசியம் உடைப்பார். “நல்லதா நாலு பழத்த வைக்கோலுக்கு அடியில போட்டு வெச்சிருவேன். நானா எடுத்துக் குடுத்தா வாங்க மாட்டாரு. அவரே தோண்டி எடுக்கணும். அப்புறம் பேரமே பேச மாட்டாரு சாமி.” எனக்குத் தெரிந்து அந்தச் சாலையில் மனித மனத்தை இவ்வளவு துல்லியமாக ஆராய்ந்தவர் வேறு யாரும் இல்லை, அவர் ஆசிரமத்துக்குள் போய்க் கண்மூடி உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை.

இப்படித் தோண்டியெடுத்த இமாம்பசந்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் சாமி ஆசிரமப் பக்கம் வந்தார். சுவரிலிருந்து இறங்கிய குரங்கு பையைக் கிழித்து, இருந்ததில் பெரியதை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டது. மோந்து பார்க்கவில்லை, தோளையும் பார்க்கவில்லை. நாங்கள் ஆறுதல் சொல்ல ஓடினோம். அவர் முகமோ மலர்ந்திருந்தது. “எதை எடுத்தது, கவனித்தீர்களா? நான் முதல் இடம் கொடுத்த பழம்! கல்லுப் பழத்தைக் குரங்கு தொடாது, ஐயா.” பகவான் எதையும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுத்தான் சாப்பிடுவார், குரங்குகளிடமும் பிரியமாக இருப்பார் என்பதால், அந்தப் பழத்தைப் பிரசாதக் கணக்கில் எழுதிவிட்டார். மிச்சப் பழங்களுக்கு அன்று முழுவதும் நற்சான்றிதழ் வாசித்தார்.

ஆனி முடிய நீலம் வரும். சாமிக்கு அது சோக காலம். நீலத்தின் வண்டு வெளியே ஓட்டை தெரியாமல் கொட்டைக்குள்ளேயே வளர்ந்து, பழத்தை அறுக்கும்போது நிதானமாக நடந்து வரும். எந்தச் சோதனைக்கும் சிக்காது. தோள், மோப்பம், வாளித் தண்ணீர் எல்லாம் தோற்ற ஒரே இடம் அதுதான். “உள்ளே இருப்பவனை வெளியே தேடக் கூடாது” என்று அதற்கும் ஒரு வேதாந்தம் சொல்லிக்கொண்டு, அறுத்த பாதியை மெல்லத் தள்ளிவைப்பார்.

மழை தொடங்கினால் ஜவ்வாது மலைச் சீத்தாப்பழம் இறங்கிவிடும். அதற்குக் கண் விரிந்திருக்க வேண்டுமா, இடுக்கு வெளுத்திருக்க வேண்டுமா என்று சாமி இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறார். பழக்காரம்மா முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டார்: “அது கையோட நசுங்கிப் போவும் சாமி. அமுக்கினா காசு.”