இன்ஃப்ளேமபிள்: ஓர் உறுப்பிலக்கண ஆய்வு

பகுபதத்துக்கு உறுப்பு ஆறு: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். நன்னூலார் தீட்டி வைத்த இந்தக் கத்தி, சேலம் நாமக்கல் பக்கத்து ஆங்கிலச் சொற்கள்மேல் இதுவரை பாயவில்லை. அக்குறை போக்கவே இவ்வாய்வு.

மேக்னசைட்: ஆங்கிலக் கணக்கில் 3 அசை. சேலத்தில் அந்தப் பெயரில் ஒரு ஜங்ஷனே உண்டு. வண்டி நகரட்டும்.

கோஆர்டினேஷன்: நாமக்கல் முட்டைக்கு விலை சொல்லும் கமிட்டியின் பெயருக்கு நடுவில் கிடப்பது. 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையை அழுத்துவது ஆங்கிலேயர் வழக்கம். கோழிப்பண்ணை வழக்கில் 5 அசையும் சமம். தட்டிலுள்ள 30 முட்டையில் எதை அழுத்துவது?

இனி இன்ஃப்ளேமபிள். நாமக்கல் கேஸ் டேங்கர்களின் முதுகில் கொட்டை எழுத்தில் இருப்பது. ஆங்கிலத்தில் அழுத்தம் 'ஃப்ளே' மேல். யாப்பிலோ நேர் நேர் நிரை, அதாவது தேமாங்கனி. லோடு எரிவாயு, சீர் மாங்கனி என்பதை எந்த உரையாசிரியரும் கவனிக்கவில்லை.

சிக்கல் முன்னால் நிற்கும் 'இன்'தான். 'இன்விசிபிள்' கண்ணுக்குத் தெரியாதது என்றால் இது தீப்பற்றாதது என்பர் இன்மைக் கட்சியார் (பட்டறை விருத்தியுரை, வால்வுப் படலம், கிரீஸ் படிந்த ஏடு). 'இன்' ஐந்தாம் உருபு, நீங்கல் பொருளது. ஆகவே தீயைக் கண்டால் வண்டியின் நீங்குக என்பர் வேற்றுமைக் கட்சியார் (மேற்படி நூலுக்குக் கிளீனர் எழுதிய அரும்பதவுரை, ஸ்டெப்னிக்கு அடியில் கிடைத்த பிரதி, கரையான் தின்றது போக). வேர்ச்சொல் அறிஞர்களோ பிழம்புதான் ஃப்ளேம் ஆனது என்று 40 பக்கம் நிறுவுவார்கள். லத்தீன் அகராதியைத் திறந்தால் நாற்பதும் போச்சு. அதனால் திறப்பதில்லை.

நான் திறந்து தொலைத்தேன். 'இன்ஃப்ளம்மாரே' என்றால் தீமூட்டுதல். அங்கே 'இன்' எதையும் மறுக்கவில்லை. இருந்தாலும் எரியும், எடுத்தாலும் எரியும். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் சாரியை. ஆள் ஏமாந்துவிடக் கூடாதே என்று அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களிலேயே அதை வெட்டிவிட்டு 'ஃப்ளேமபிள்' என்று எழுதச் சொன்னார்கள்.

கள ஆய்வுக்குப் போன இடத்தில் ஒரு டேங்கர். ஏணி குறுக்கிட்டதால் பெயின்டர் 'இன்'னை இந்தப் பக்கமும் மிச்சத்தை அந்தப் பக்கமும் எழுதியிருந்தார். என்ன பதப்பிரிப்பு! டிரைவரிடம் சாரியையை விளக்கிக்கொண்டே சிகரெட்டை எடுத்தேன்.

"சாரியையோ கீரியையோ, அந்தப் புளியமரத்துக்கு அப்பால போய்ப் பத்த வைங்க சார்."

அதே வண்டியில் சிறு கட்டத்துக்குள் 1075 என்றும் எழுதியிருந்தது. எல்.பி.ஜி.க்கு ஐ.நா. கொடுத்த எண். பகாப்பதம்.